பைக்கின் பின் பிரேக் விடாமல் பிடிக்கிறதா? மாட்டும் இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் பின் சக்கரம் இறுக்கமாகவே ஓடும். வண்டி வழக்கம்போல் இழுக்காது, பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஹப்பைத் தொட்டால் சுடும். சில வண்டிகளில் பிரேக் லைட் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். இப்படி வரும் வண்டிக்குப் பல இடங்களில் பார்க்கும் வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: பெடலையும் பின் சக்கரத்தையும் இணைக்கும் கம்பியான பிரேக் ராடின் நட்டை நாலு சுற்று லூஸ் செய்து அனுப்பிவிடுவார்கள். அன்றைக்குச் சக்கரம் சுற்றும். கொஞ்ச நாளில் மறுபடி பிடிக்கும். இந்த முறை பிரேக்கும் சரியாக இருக்காது, ஏனென்றால் லூஸ் செய்த நட்டு பெடலின் பாதி ஓட்டத்தைத் தின்றுவிட்டது.

பிரேக்கை அழுத்துவது உங்கள் கால். பெடல் நெம்புகோலாக வேலை செய்வதால் அந்த விசை பல மடங்காகி, சக்கர நடுவிலுள்ள டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் ஷூவுக்குப் போகிறது. ஆனால் காலை எடுத்ததும் எல்லாவற்றையும் பழைய இடத்துக்குக் கொண்டுவர இருப்பவை பெடல் ஸ்பிரிங், ராடு ஸ்பிரிங், ஷூ ஸ்பிரிங் என்ற சில சின்ன ஸ்பிரிங்குகள் மட்டுமே. கொஞ்சம் துரு, காய்ந்து போன கிரீஸ், லேசாக வளைந்த ராடு, இவை எதுவும் காலுக்குத் தெரியாது, கால் எல்லாவற்றையும் மீறி அழுத்திவிடும். ஸ்பிரிங்கால் மீற முடியாது. அதனால் பிரேக் பிடித்துக்கொண்டால் கேட்க வேண்டிய கேள்வி, “எந்தப் பாகம் திரும்பி வரவில்லை?” என்பதுதான். அதற்குப் பதில் கிடைக்கும்வரை அந்த ராடு நட்டை, அதாவது அட்ஜஸ்டர் நட்டைத் தொடாதீர்கள்.

முதல் பாதி டிரம் பிரேக்குக்கு. ஸ்ப்ளெண்டர், பிளாட்டினா, ஷைன் போன்ற 100 முதல் 125 சிசி வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் டிரம்தான். பின் டிஸ்க் உள்ள வண்டிக்காரர்கள் முதல் சோதனையை முடித்துவிட்டு நேராக டிஸ்க் பகுதிக்குப் போய்விடலாம்.

பிடிப்பது பிரேக்தானா?

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். செயினும் ஸ்ப்ராக்கெட்டும் சேர்ந்து சுற்றுவதால் முன் சக்கரம் போல் நீண்ட நேரம் ஓடாது. நல்ல நிலையில் உள்ள வண்டியில் ஒரு தள்ளுக்கு இரண்டு மூன்று சுற்றாவது வரும். “சர் சர்” என்று லேசான உரசல் சத்தம் மட்டும் கேட்டால் பயப்பட வேண்டாம். அரைச் சுற்றில் நின்றால்தான் கோளாறு.

செயின் அதிகமாக இறுகியிருந்தாலும் சக்கரம் இதே மாதிரி கனமாகச் சுற்றும். செயினின் கீழ்ப்பக்க நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பெரும்பாலான கம்யூட்டர் வண்டிகளுக்கு 20 முதல் 30 மி.மீ. ஆட்டம் வேண்டும். உங்கள் வண்டிக்குரிய அளவு கையேட்டில் இருக்கும், சில வண்டிகளில் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலேயே ஸ்டிக்கராக ஒட்டியிருப்பார்கள். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நாலைந்து இடத்தில் பாருங்கள், ஏனென்றால் தேய்ந்த செயின் ஓரிடத்தில் தொய்ந்தும் இன்னோரிடத்தில் இறுகியும் இருக்கும். அடுத்தது பேரிங். டயரை மேலேயும் கீழேயும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் “டக் டக்” என்று ஆட்டம் தெரிந்தாலோ, சுற்றும்போது கரகரவென்று சத்தம் வந்தாலோ சந்தேகம் பேரிங் மீது போக வேண்டும்.

இரண்டும் சரியாக இருந்தால் சூட்டுச் சோதனை. பின் பிரேக்கைத் தொடவே தொடாமல், முன் பிரேக்கை மட்டும் பயன்படுத்தி 2, 3 கி.மீ. மெதுவாக ஓட்டிவிட்டு வாருங்கள். டிரம்மை நேராகத் தொடாமல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் சும்மா வழிந்தால் சரி. உடனே ஆவியாகப் பறந்தால் பிரேக் வழி முழுக்க உரசிக்கொண்டே வந்திருக்கிறது. தொடர்ந்து இப்படி ஓடினால் ஷூவின் முகம் கண்ணாடி மாதிரி பளபளத்துப் பிடிமானம் போய்விடும், பேரிங் கிரீஸ் உருகி ஷூவின் மேல் இறங்கும். ஈரமான சாலையில் சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி வழுக்கிவிடும். இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் கோளாறு இதுவல்ல.

பெடல் பக்கமா, சக்கரப் பக்கமா?

இந்த ஒரு சோதனை பாதி வேலையை மிச்சப்படுத்தும். ராடு முனையில் உள்ள அட்ஜஸ்டர் நட்டை முழுக்கக் கழற்றி, சக்கரப் பக்கத்தில் ராடு இழுக்கும் நெம்புகோலான பிரேக் ஆர்மிலிருந்து ராடைப் பிரித்துவிடுங்கள். பல வண்டிகளில் இதற்கு 14 ஸ்பேனர் போதும், நட்டு துரு பிடிக்காமல் இருந்தால் கையாலேயே வரும். ராடு ஸ்பிரிங், உருளை பின், நட்டு மூன்றையும் அதே வரிசையில் ராடிலேயே திரும்பப் போட்டு வையுங்கள். தரையில் வைத்தால் அந்தச் சின்ன உருளை பின்தான் முதலில் காணாமல் போகும்.

இப்போது பெடலைக் கையால் அழுத்தி விடுங்கள். பட்டென்று மேலே வர வேண்டும். மந்தமாக வந்தாலோ பாதியில் நின்றாலோ கோளாறு பெடல் பக்கம். அடுத்து, பிரேக் ஆர்மைக் கையால் முன்னோக்கித் தள்ளி விடுங்கள். ஷூ ஸ்பிரிங் அதைத் தானாகப் பின்னால் இழுக்க வேண்டும். தள்ளிய இடத்திலேயே நின்றால், ஆர்மோடு திரும்பி ஷூக்களை விலக்கும் கேம் இறுகியிருக்கிறது. இரண்டும் சுதந்திரமாகத் திரும்பி, சக்கரமும் லேசாகச் சுற்றுகிறது என்றால் உள்ளே ஒன்றும் கெடவில்லை, அட்ஜஸ்ட்மென்ட் மட்டும் தவறு.

பெடல் பக்கம்

பெடலின் அச்சு சேறும் தண்ணீரும் நேராக அடிக்கும் இடத்தில் இருக்கிறது. மழைக்காலம் முடிந்த பிறகு பெடல் மந்தமாவது இதனால்தான். ஸ்ப்ரே எண்ணெய் அடித்தால் அன்றைக்குச் சரியாகும், ஆனால் அது உள்ளே இருந்த கொஞ்ச நஞ்ச கிரீஸையும் கரைத்துக்கொண்டு போய்விடும். ஸ்பிரிங்கைக் கழற்றி, பெடலை அச்சிலிருந்து உருவி, துருவை 400 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, புதுக் கிரீஸ் தடவி மாட்டுங்கள். வண்டி எப்போதாவது வலப்பக்கம் விழுந்திருந்தால் பெடலோ ஃபுட் ரெஸ்ட்டோ வளைந்து ஒன்றோடொன்று இடிக்கிறதா, சைலன்சரில் உரசுகிறதா என்றும் பாருங்கள். ரிட்டன் ஸ்பிரிங்கின் வளையங்கள் ஓய்வு நிலையிலேயே இடைவெளி விட்டு நின்றால் அது நீண்டுவிட்டது, மாற்றுங்கள். அதன் கொக்கியை வெட்டிச் சுருக்கி மாட்டுவது வீண் வேலை.

2019 ஏப்ரலில் இந்தியாவில் 125 சிசி வரையிலான வண்டிகளுக்குச் சிபிஎஸ் (இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு) அல்லது ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயமாக்கப்பட்டது. சிபிஎஸ் உள்ள வண்டியில் பின் பெடலை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து இழுபடும். முன்னே போகும் அந்த இணைப்புக் கேபிள் உள்ளே துருப்பிடித்தாலும் பெடல் திரும்பாது. பின் டிரம்மை எத்தனை முறை பிரித்துச் சுத்தம் செய்தாலும் குறை தீராத வண்டிகளில் இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். பெடல் முனையில் அந்தக் கேபிளைக் கழற்றிவிட்டு மறுபடி பெடலை அழுத்திப் பாருங்கள். பட்டென்று திரும்பினால் கேபிளை மாற்றுங்கள், மாற்றிய பிறகு அட்ஜஸ்ட்மென்டைக் கையேட்டில் சொன்ன வரிசையிலேயே செய்யுங்கள்.

செயின் டைட் செய்த மறுநாள் பிரேக் பிடித்தால்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், டிரம் பிரேக் பிடிப்பதற்கு மிகச் சாதாரணமான காரணமே இதுதான். செயினை இறுக்கும்போது சக்கரம் பின்னால் நகர்கிறது. டிரம்மை மூடி ஷூக்களைத் தாங்கும் பிரேக் பிளேட்டும் அதோடு சேர்ந்து நகர்கிறது. ராடின் நீளமோ மாறவில்லை. ஆக, யாரும் பெடலை மிதிக்காமலேயே ராடு பிரேக் ஆர்மைச் சில மில்லிமீட்டர் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. செயின் வேலை முடிந்ததும் பிரேக்கையும் மறுபடி அட்ஜஸ்ட் செய்தே ஆக வேண்டும்.

பெடல் முனையில் 20 முதல் 30 மி.மீ. ஃப்ரீ பிளே (பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் உள்ள வெற்று ஓட்டம்) இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான டிரம் பிரேக் வண்டிகளின் அளவு. ஸ்கேலைப் பெடலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஷூ டிரம்மைத் தொடும்வரை பெடல் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள், கண்ணளவு போதாது. அட்ஜஸ்டர் நட்டின் முகத்தில் ஒரு வளைந்த பள்ளம் இருக்கும், அது உருளை பின்னின் மேல் சரியாக உட்கார வேண்டும். அரைச் சுற்றுக்கு ஒருமுறை “கிளிக்” என்று உட்காரும். பள்ளம் உட்காராமல் மேட்டில் நிற்க விட்டுவிட்டால், முதல் இரண்டு பிரேக்கில் அது வழுக்கி உட்கார்ந்து உங்கள் அளவு மாறிவிடும்.

பிரேக் லைட் சுவிட்சைக் கடைசியில் சரிசெய்யுங்கள். ஷூ பிடிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பே லைட் எரிய வேண்டும். சுவிட்ச் உடம்பைத் திருகாமல், அதைப் பிடித்திருக்கும் நட்டை மட்டும் திருகுங்கள். உடம்பைச் சுற்றினால் ஒயர் முறுக்கி அறுந்துபோகும்.

டிரம்மைத் திறப்பது

ஆர்ம் திரும்பி வரவில்லை என்றால் சக்கரத்தைக் கழற்றத்தான் வேண்டும். வண்டி நன்றாக ஆறிய பிறகு தொடங்குங்கள். ராடைப் பிரித்தாகிவிட்டது. அடுத்து, பிரேக் பிளேட்டை ஸ்விங் ஆர்மோடு இணைக்கும் டார்க் ராடின் ஸ்ப்ளிட் பின்னை நிமிர்த்தி எடுத்து நட்டைக் கழற்றுங்கள். பிறகு ஆக்சில் நட்டு. அதைக் கழற்றும் முன் இரு பக்கச் செயின் அட்ஜஸ்டர்களும் எந்தக் கோட்டில் நிற்கின்றன என்று போனில் படமெடுத்து வையுங்கள். ஆக்சில் இறுகியிருந்தால் முனையில் மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள், இரும்புச் சுத்தியலால் நேராக அடித்தால் மரை நசுங்கும். ஆக்சில் வெளியே வரும்போது விழும் ஸ்பேசர் எந்தப் பக்கத்தது, எந்த முகம் உள்ளே இருந்தது என்பதையும் கவனியுங்கள்.

பிரேக் பிளேட் டிரம்மை விட்டு வர மறுத்தால், தேய்ந்த டிரம்மின் விளிம்பில் உருவான உதடு ஷூவைப் பிடித்திருக்கிறது என்று பொருள். ஆர்மை முழுக்கப் பின்னால் தள்ளி, பிளேட்டை ஆட்டி ஆட்டி எடுங்கள். திருப்புளி விட்டு நெம்பாதீர்கள், பிளேட் அலுமினியம், விளிம்பு உடைந்துவிடும்.

உள்ளே கறுப்புத் தூள் நிறைந்திருக்கும். அதை வாயால் ஊதவோ காற்றுக் குழாயால் அடிக்கவோ கூடாது. பழைய லைனிங்கில் (ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டையில்) ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து அந்தத் துணியைத் தூக்கிப்போடுங்கள்.

இரண்டு ஷூக்களையும் சேர்த்துப் பிடித்து, வி வடிவத்தில் மடக்கித் தூக்கினால் ஸ்பிரிங்குகளோடு மொத்தமாக வந்துவிடும். ஸ்பிரிங்கைத் தனியாகக் கழற்றப் போராட வேண்டியதில்லை. திரும்ப மாட்டுவதும் அதே வழியில்தான்.

எதை எல்லாம் பார்க்க வேண்டும்

லைனிங்கை மிகவும் மெலிந்த இடத்தில் அளங்கள். புதிதில் சுமார் 4 மி.மீ. இருக்கும், 2 மி.மீ. வந்தால் இரண்டு ஷூக்களையும் மாற்றிவிட வேண்டும். முகம் பளபளவென்று இருந்து தடிமன் போதுமானதாக இருந்தால், 80 அல்லது 120 நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாகத் தேய்த்துத் திரும்பப் பயன்படுத்தலாம். கிரீஸோ எண்ணெயோ ஊறிய ஷூவை மட்டும் காப்பாற்ற நினைக்காதீர்கள். பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. மேல் எண்ணெய் எரியும், உள்ளே ஊறியது சூடானதும் மறுபடி கசியும். ஷூ செட் விலை அப்படியொன்றும் பெரிதில்லை. கிரீஸ் எங்கிருந்து வந்தது என்பதையும் பாருங்கள்: ஹப் ஆயில் சீல் போயிருக்கும், அல்லது முன்பு வேலை செய்தவர் கேமுக்கு அள்ளிப் பூசியிருப்பார்.

டிரம்மின் உள்விட்டத்துக்கு எல்லை உண்டு, பெரும்பாலும் டிரம்மிலேயே பொறித்திருக்கும். 130 மி.மீ. டிரம்முக்கு 131, 110 மி.மீ. டிரம்முக்கு 111 என்பது வழக்கமான எல்லை. ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். அந்த ஒரு மில்லிமீட்டர் கேமின் கோணத்தை எப்படி மாற்றுகிறது என்பது கீழே வருகிறது. சக்கரம் ஒரு சுற்றில் ஒரே இடத்தில் மட்டும் உரசினால் டிரம் வட்டம் கெட்டிருக்கிறது. கம்பிச் சக்கரத்தில் சில ஸ்போக்குகள் தொய்ந்து, சில அதிகமாக இறுகியிருந்தாலும் ஹப் இழுபட்டு இப்படி ஆகும்.

ஷூ ஸ்பிரிங் இரண்டும் ஒரே நீளம் இருக்க வேண்டும். சூட்டில் நீலம் பாய்ந்திருந்தாலோ, வளையங்களுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தாலோ மாற்றுங்கள். புது ஷூ போடும்போதெல்லாம் புது ஸ்பிரிங்கும் போடுவது நல்லது.

இனி கேம். டிரம்மைத் திறக்க வேண்டி வரும் வண்டிகளில் குற்றவாளி பெரும்பாலும் இதுதான். இரும்பு கேம் தண்டு அலுமினியப் பிளேட்டின் துளைக்குள் சுழல்கிறது. தண்ணீர் போனதும் இரும்பில் சிவப்புத் துரு, அலுமினியத்தில் வெள்ளைப் பொடி. இரண்டும் சேர்ந்து கேமை இறுக்கிப் பிடித்துவிடும். ஆர்மின் போல்ட்டைக் கழற்றும் முன் கேம் முனையிலும் ஆர்மிலும் உள்ள புள்ளி அடையாளங்களைப் பாருங்கள், இல்லாவிட்டால் நீங்களே ஒரு புள்ளி போடுங்கள். ஆர்ம், தேய்மானம் காட்டும் அம்புத் தகடு, ஃபெல்ட் வாஷர் என்று வரிசையாக எடுத்து, கேமை உள்பக்கமாகத் தட்டி வெளியேற்றுங்கள். வரவில்லையா, துரு இளக்கும் எண்ணெய் விட்டு 20 நிமிடம் பொறுங்கள். பிறகு மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். கேமின் பல்லைப் பிளையரால் கடித்துத் திருகினால் பல் சிதைந்து ஆர்ம் இனி எந்தக் காலத்திலும் இறுகாது.

தண்டை 400 நம்பர் உப்புத்தாளால் வட்டமாகத் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். துளைக்குள் அதே தாளைச் சுருட்டி விட்டு வெள்ளைப் பொடி போகும் அளவுக்கு மட்டும் தேயுங்கள். அதிகம் தேய்த்தால் துளை பெரிதாகி, கேம் சாய்ந்து, மறுபடி மாட்டும். கழுவிக் காயவைத்த பின், கிரீஸ் இல்லாமலேயே கேமைத் துளையில் விட்டு விரலால் சுழற்றிப் பாருங்கள். எந்தப் பிடிப்பும் இல்லாமல் சுற்ற வேண்டும். அதன் பிறகே கிரீஸ். அதிகச் சூடு தாங்கும் கிரீஸ், தண்டுக்கும் கேம் முகத்துக்கும் எதிர்ப்பக்கத்தில் ஷூக்களின் மறுமுனை தங்கும் ஆங்கர் பின்னுக்கும் சேர்த்து ஒரு கொண்டைக்கடலை அளவு. படலமாகத் தடவி, பிதுங்கியதை எல்லாம் துடைத்துவிடுங்கள். ஃபெல்ட் வாஷருக்கு இரண்டு சொட்டு இன்ஜின் ஆயில் விட்டால் தண்ணீர் உள்ளே போவது தாமதமாகும்.

கேம் கவிழ்வது: உயிருக்கு ஆபத்தான நிலை

கேம் தட்டையான, நீள்சதுர முகமுள்ள துண்டு. பிரேக் போடாதபோது அதன் குறுகிய பக்கம் ஷூக்களுக்கு நடுவே இருக்கும். ஆர்ம் திரும்பும்போது கேமும் திரும்பி, நீண்ட பக்கம் ஷூக்களை விலக்கும். ஷூ புதிதாக இருந்தால் கொஞ்சம் திரும்பினாலே போதும். ஷூ மெலிந்து டிரம்மும் அகன்றால் கேம் மேலும் மேலும் திரும்ப வேண்டியிருக்கும். ஒரு கட்டத்தில் நீண்ட பக்கம் ஷூக்களுக்கு நேர்குறுக்காக நின்றுவிடும். அப்போது ஷூ ஸ்பிரிங் இழுக்கும் விசை கேமின் மையத்தை நோக்கியே போகிறது. அதைச் சுழற்றித் திருப்ப ஒரு துளி விசையும் மிஞ்சாது. ஸ்பிரிங் எவ்வளவு புதிதாக இருந்தாலும் இதில் பயனில்லை. கேம் அங்கேயே நிற்கும், சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

இதைத் தடுக்கத்தான் அந்த அம்புத் தகடு இருக்கிறது. பிரேக்கை முழுக்க அழுத்தும்போது அம்பு பிளேட்டில் உள்ள கோட்டைத் தொட்டால் ஷூ மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஆனால் நடப்பது வேறு. அட்ஜஸ்டர் நட்டு கடைசி மரைக்கு வந்ததும், ஆர்மைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிவிடுவார்கள். நட்டுக்கு மறுபடி இடம் கிடைக்கும், பிரேக்கும் நன்றாகப் பிடிப்பதுபோல் தெரியும். உள்ளே கேம் கவிழும் நிலைக்கு இன்னும் நெருங்கிவிட்டது என்பது யாருக்கும் தெரியாது. புள்ளி அடையாளம் மாறிய ஆர்மைப் பார்த்தால் உடனே டிரம்மைத் திறந்து லைனிங்கை அளங்கள். பெடலை முழுக்க அழுத்தியிருக்கும்போது ராடுக்கும் ஆர்முக்கும் இடையிலான கோணம் 90 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது வெளியிலிருந்தே பார்க்கக்கூடிய நல்ல அளவுகோல்.

திரும்ப மாட்டுவது

ஷூவை வி வடிவத்தில் மடக்கி மாட்டி, டிரம்மின் உள்ளே உப்புத்தாள் போட்டுத் துடைத்து, பிளேட்டை உள்ளே வையுங்கள். சக்கரத்தை ஏற்றி, ஸ்பேசரைச் சரியான பக்கம் வைத்து ஆக்சிலை விடுங்கள். டார்க் ராடு நட்டைக் கையளவு போடுங்கள், ராடையும் மாட்டுங்கள். செயின் அட்ஜஸ்டர்கள் இரு பக்கமும் ஒரே கோட்டில் நிற்கட்டும். கோணலாக நின்றால் டிரம்முக்குள் ஷூவும் கோணலாக உட்கார்ந்து ஒரு பக்கம் உரசும்.

ஆக்சில் நட்டை இறுக்கும் முன் இன்னொருவரைப் பெடலை நன்றாக அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். ஷூக்கள் விரிந்து டிரம்மைப் பிடிக்கும்போது பிளேட் தானாக டிரம்மின் நடுவுக்கு வரும். அந்த நிலையிலேயே ஆக்சிலைக் கையேட்டில் உள்ள இறுக்க அளவுக்கு (டார்க்) இறுக்குங்கள். இந்த ஒரு நிமிட வேலையை விட்டால், எல்லாம் புதிதாகப் போட்டும் ஒரு ஷூ மட்டும் உரசிக்கொண்டே இருக்கும்.

கடைசியில் டார்க் ராடு நட்டை இறுக்கிப் புது ஸ்ப்ளிட் பின் போடுங்கள். பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி மடக்கினால் முறிந்துவிடும். டார்க் ராடு இல்லாமலோ, நட்டு கழன்றோ வண்டி ஓடினால், முதல் பிரேக்கிலேயே பிளேட் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றி, ராடைச் சுருட்டிக்கொண்டு சக்கரத்தைப் பூட்டிவிடும். கிளம்பும் முன் இதை ஒருமுறை கண்ணால் பாருங்கள், ஒருமுறை கையால் தொட்டும் பாருங்கள்.

பின் டிஸ்க் பிரேக் பிடித்தால்

டிஸ்க்கில் ரிட்டன் ஸ்பிரிங் பெடலுக்கும், பெடல் பிரேக் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருக்கும் மட்டும்தான். உராய்வுப் பேடுகளால் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரின் பிஸ்டனைப் பின்னால் இழுப்பது, அதைச் சுற்றியுள்ள சதுர விளிம்பு ரப்பர் சீல். அழுத்தும்போது சீல் லேசாக வளைந்து, விட்டதும் நிமிர்ந்து பிஸ்டனை ஒரு மயிரிழை பின்னுக்குக் கொண்டுவரும். அவ்வளவுதான் மொத்த ரிட்டனும். அதனால் அழுக்கை இந்த அமைப்பு கொஞ்சமும் தாங்காது.

சக்கரம் பிடித்திருக்கும் நிலையிலேயே சோதனையைச் செய்யுங்கள். காலிப்பரில் ஆயிலை வெளியேற்ற உள்ள ப்ளீடர் நிப்பிளில் ஒரு டியூபை மாட்டி, முனையைப் பாட்டிலில் விட்டு, கால் சுற்று திறங்கள். ஆயில் பீய்ச்சிச் சக்கரம் விடுபட்டால் உள்ளே அழுத்தம் தேங்கி நிற்கிறது. திறந்தும் சக்கரம் இறுக்கமாகவே இருந்தால் பிஸ்டனோ, காலிப்பர் நகர வழிவிடும் ஸ்லைடு பின்னோ மாட்டியிருக்கிறது.

அழுத்தம் தேங்குகிறது என்றால், மறுபடி பிடிக்க வைத்து, இந்த முறை மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸ் சேரும் பாஞ்சோ போல்ட்டைச் சற்றே தளர்த்துங்கள், கீழே துணியை வைத்துக்கொண்டு. அங்கே விடுபட்டால் கோளாறு மாஸ்டர் சிலிண்டரில். அங்கே விடுபடாமல் நிப்பிளில் மட்டும் விடுபட்டால், ஹோஸின் உள்சுவர் உப்பி ஆயிலைத் திரும்ப விடாமல் தடுக்கிறது. வெளியே பார்க்க ஹோஸ் புதிதுபோல் இருக்கும், ஏமாற வேண்டாம். ஏபிஎஸ் வண்டியில் நடுவே ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மாடுலேட்டரும் இருப்பதால், அந்த வண்டியை அதற்கான கருவி உள்ள இடத்துக்குக் கொண்டுபோவதே சரி.

மாஸ்டர் சிலிண்டரில் பார்க்க வேண்டியது ரிட்டன் துளை. ஊசிமுனை அளவே உள்ள இந்தத் துளை வழியாகத்தான் சூட்டில் விரியும் ஆயில், பிரேக் ஆயில் டாங்கிக்குத் திரும்ப வேண்டும். பெடல் உயரத்தை மாற்றுவதற்காக, மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும் புஷ் ராடை நீட்டி, ஃப்ரீ பிளே துளியும் இல்லாமல் செய்துவிட்டால், பிஸ்டன் ரப்பர் எப்போதும் அந்தத் துளையை மூடியே நிற்கும். வண்டி எடுக்கும்போது நன்றாக ஓடும். சூடேறச் சூடேற ஆயில் விரிந்து, போக இடமில்லாமல் பேடை அழுத்தும். பேட் உரசி மேலும் சூடாகும். கடைசியில் சக்கரம் நிற்கும், ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல் சுற்றும். “சூடானால் மட்டும் பிடிக்கிறது” என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். புஷ் ராடு பிஸ்டனைத் தொடும் முன் சிறு இடைவெளி இருக்கும்படி நட்டைத் தளர்த்திச் சரிசெய்யுங்கள். துளை அழுக்கால் அடைத்திருந்தால் சிலிண்டரைப் பிரித்துக் கழுவி ரப்பர் கிட் மாற்ற வேண்டும். டாங்கியில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிரம்பியிருந்தாலும் இதே நிலைதான். தேய்ந்த பேடோடு ஆயிலை நிரப்பிவிட்டு, பிறகு புதுப் பேட் போடும்போது இப்படி ஆகும்.

காலிப்பர் பக்கம் கோளாறு என்றால், போல்ட்டுகளைக் கழற்றி, காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். ஸ்லைடு பின்கள் இரண்டும் ரப்பர் உறைக்குள் கையால் சுலபமாக முன்பின் நகர வேண்டும். நகரவில்லை என்றால் உருவிச் சுத்தம் செய்து சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். சாதாரணக் கிரீஸ் ரப்பரை உப்பவைத்து, ஒரே மாதத்தில் முன்பைவிட மோசமாக இறுக்கும். இரண்டு பேடுகளில் ஒன்று மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் இந்தப் பின்கள்தான் காரணம்.

பிஸ்டனை உள்ளே தள்ளும் முன், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைப் பழைய டூத் பிரஷ்ஷும் பிரேக் கிளீனரும் கொண்டு சுற்றிலும் சுத்தம் செய்யுங்கள். அழுக்கோடு தள்ளினால் அது சீலின் உள்ளே போய் உட்காரும். டாங்கி மூடியைத் திறந்துவைத்து, கட்டைவிரல்களால் அழுத்துங்கள். கை விசைக்கே பிஸ்டன் உள்ளே போக வேண்டும். போகவில்லை என்றால் பெடலை மெதுவாக அழுத்தியே பிஸ்டனை முழுக்க வெளியே எடுங்கள், நடுவில் ஒரு மரத்துண்டு இருக்கட்டும். சீல் பள்ளத்தில் படிந்திருக்கும் வெள்ளைக் கறையை மரக்குச்சியால் சுரண்டுங்கள், இரும்பு முனை பள்ளத்தைக் கீறிவிடும். பிஸ்டனில் துருக்குழி இருந்தால் மாற்றத்தான் வேண்டும். புது சீல்களைப் புது பிரேக் ஆயிலில் நனைத்து மாட்டுங்கள். பெட்ரோல், டீசல், இன்ஜின் ஆயில் எதுவும் இந்த ரப்பரைத் தொடக் கூடாது.

ஆயிலுக்கு மூடியில் எழுதியிருப்பதை மட்டும் பாருங்கள், பெரும்பாலும் டாட் 4 என்ற தரம். புதிதில் அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் உறிஞ்சிய பிறகு 155 வரை இறங்கலாம். அந்த ஈரம்தான் பிஸ்டனையும் உள்ளிருந்து அரிக்கிறது, அதனால் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். டாட் 5 சிலிக்கான் வகை, அதை இதோடு கலக்கவே கூடாது. பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

வழியில் பிடித்துக்கொண்டால்

ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான டிரம்மிலோ டிஸ்க்கிலோ தண்ணீர் ஊற்றினால் வளையவோ வெடிக்கவோ வாய்ப்புண்டு. டிரம் என்றால் அட்ஜஸ்டர் நட்டைத் தளர்த்தி, ஆர்மைக் கையால் பின்னால் தள்ளி, சக்கரம் சுற்றுகிறதா என்று பாருங்கள். கேம் கவிழ்ந்திருந்தால் கையால் தள்ளியே திருப்ப முடியும், அதன் பிறகு பின் பெடலைத் தொடாதீர்கள். டிஸ்க் என்றால் நிப்பிளைக் கால் சுற்று திறந்து அழுத்தத்தை விட்டு உடனே மூடுங்கள். எதுவானாலும் முன் பிரேக்கை மட்டும் நம்பி, வேகத்தைக் குறைத்து, பக்கத்து ஒர்க்‌ஷாப் வரை மட்டும் ஓட்டுங்கள்.

வேலை முடிந்ததும்

வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பலமுறை அழுத்துங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளிய டிஸ்க் வண்டியில் முதல் சில அழுத்தங்களுக்குப் பிரேக்கே இருக்காது. பிறகு சென்டர் ஸ்டாண்டில் சக்கரத்தைச் சுழற்றி, பெடலை அழுத்தி விட்டு, மறுபடி சுழற்றுங்கள். அழுத்துவதற்கு முன்பும் பின்பும் ஒரே மாதிரி சுற்ற வேண்டும். பிரேக் லைட் எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். 3 கி.மீ. ஓட்டிவிட்டு வந்து அதே தண்ணீர்ச் சொட்டுச் சோதனையைச் செய்யுங்கள். புது ஷூ போட்டிருந்தால் முதல் சில நாள் பின் பிரேக் மந்தமாகத்தான் இருக்கும். லைனிங் டிரம்மோடு பொருந்தியதும் ஃப்ரீ பிளே சற்றுக் கூடியிருக்கும், சுமார் 100 கி.மீ. கழித்து அதை ஒருமுறை அளந்து நட்டை அரைச் சுற்றோ ஒரு சுற்றோ இறுக்கிக்கொள்ளுங்கள்.